பித்தளை வளையம், டி-ஸ்கொயர், குறடு: நாக்கிங் பாயிண்ட் செட் வாங்கலாமா?

மரபு வில் வாங்குபவர்கள் வில்லுக்கும் அம்புக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். நாணில் அம்பு மாட்டும் இடத்தை மட்டும் குத்துமதிப்பாக வைத்துவிட்டு, அம்பு ஏன் வாலை ஆட்டிக்கொண்டே போகிறது என்று மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். அந்த இடத்தை அளந்து குறிக்கத்தான் இணையக் கடைகளில் ‘நாக்கிங் பாயிண்ட் செட்’ என்ற பெயரில் ஒரு பொட்டலம் கிடைக்கிறது. பெரும்பாலான செட்டில் மூன்று பொருள்கள் இருக்கும்: நாணில் மாட்டி அளக்கும் டி-ஸ்கொயர், உட்புறம் மெல்லிய ரப்பர் வைத்த சி-வடிவப் பித்தளை வளையங்கள், அவற்றை நாணில் அழுத்திப் பொருத்தும் குறடு. சிலவற்றில் சர்விங் நூலும் (நாணின் மேல் காப்பாகச் சுற்றும் நூல்) ஒரு சிறு உருளையாகச் சேர்ந்து வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்கொயர் கட்டாயம் வேண்டும். வளையம், சரியான உயரத்தைத் தேடும் காலத்துக்கு நல்ல துணை. தேடி முடித்தபின் அதைக் கழற்றிவிட்டு நூலால் கட்டிக்கொள்வது மேல். குறடு ஆளுக்கு ஒன்று தேவையில்லை, சேர்ந்து பயிற்சி செய்பவர்களுக்குள் ஒன்று இருந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் ரிகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்), லாங்போ (நீள வில்) இரண்டிலும் ஷெல்ஃப் (கைப்பிடிக்கு மேல் அம்பு உட்காரும் திட்டு) மேல் நேரடியாக அம்பை வைத்து, விரலால் இழுத்து எய்பவர்களுக்கு.

ஸ்கொயரிலிருந்து தொடங்குவோம். இதன் வேலை ஒன்றே ஒன்றுதான்: நாணுக்குச் செங்குத்தாக ஒரு கோடு காட்டுவது. அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, அம்பின் வாலை நிறுத்தும் வளையம் இருக்கிறது என்பதுதான் நாக்கிங் பாயிண்ட் உயரம். கிளிப் நாணில் தளர்வாக உட்கார்ந்தால் நீளக்கை தன் எடையிலேயே தொங்கிவிடும், அளவும் பொய்யாகிவிடும். மலிவான பிளாஸ்டிக் ஸ்கொயர்களின் பெரிய குறை இதுதான். கிளிப்பின் வாய் ஒரே ஒரு நாண் தடிமனுக்கு வார்க்கப்பட்டிருக்கும். டாக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் தடிமனாக இருப்பதால் அதில் மாட்டும்போது வாய் விரிந்து நாளடைவில் தளர்ந்துபோகும். மெல்லிய நாணில் மாட்டினால் முதல் நாளே சாய்ந்து நிற்கும். அலுமினிய ஸ்கொயரில், நாணைப் பிடிக்கும் பகுதி நீளமாகவும் மேலும் கீழும் இரண்டு கிளிப்புகளோடும் இருந்தால் அதை வாங்குங்கள். வாங்கியதும் தச்சரின் மூலமட்டத்தோடு ஒட்டிவைத்து ஒருமுறை சரிபாருங்கள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது.

அளவுக் கோடுகளில் 1/16 அங்குலம் வரை பிரிவு இருக்க வேண்டும். 1/8 மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் கடைசித் திருத்தங்கள் எல்லாம் 1/16 அளவில்தான் நடக்கும். அச்சடித்த கோடுகள் வியர்வைக் கையில் சீக்கிரம் அழிந்துவிடும். செதுக்கிய கோடுகள் நிற்கும். நீளக்கை 9 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் பிரேஸ் ஹைட்டையும் (நாண் ஏற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) அதிலேயே அளக்கலாம்.

இன்னொரு சங்கதியைப் பல விற்பனைப் பக்கங்கள் சொல்வதில்லை. பூஜ்ஜியக் கோடு எங்கே இருக்கிறது என்பது ஸ்கொயருக்கு ஸ்கொயர் வேறுபடும். சிலவற்றில் நீளக்கையின் அடி விளிம்பு, அதாவது ஷெல்ஃப் மட்டமே பூஜ்ஜியம். சிலவற்றில் மேல் விளிம்பு. நண்பர் “அரை அங்குலம் வை” என்று சொன்னால் அவர் ஸ்கொயரில் அது ஒன்று, உங்களுடையதில் வேறொன்று. இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் ஷெல்ஃப் மட்டத்திலிருந்து மேல் வளையத்தின் அடி விளிம்பு வரை. அம்பு அந்த வளையத்துக்குக் கீழே மாட்டப்படும்.

இதில் அம்பின் தடிமனுக்கும் பங்கு உண்டு. வளையத்தின் அடி 1/2 அங்குலத்தில், அதாவது 12.7 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 11/32 அங்குல மர அம்பின் விட்டம் 8.7 மி.மீ. ஆகவே அதன் வால் செங்குத்துக் கோட்டுக்கு 4 மி.மீ. மேலே நிற்கும். 7.5 மி.மீ. தடிமனுள்ள கார்பன் அம்பை அதே இடத்தில் மாட்டினால் வால் 5.2 மி.மீ. மேலே நிற்கும். வளையத்தை யாரும் தொடவில்லை, ஆனால் சரிவு 1.2 மி.மீ. கூடிவிட்டது. மர அம்பிலிருந்து கார்பனுக்கு மாறியவர்கள் மறுபடி டியூன் செய்தே ஆகவேண்டும் என்பதற்கு, அம்பின் விறைப்பைக் குறிக்கும் ஸ்பைனைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பித்தளை வளையம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள சாண்டர்ஸ் நிறுவனத்தின் ‘நாக் செட்’ இந்த வகையில் பழைய பெயர். அதே வடிவில் இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. இதன் பெரிய நன்மை வேகம். இரண்டு நிமிடத்தில் பொருத்தலாம். லேசாக மட்டும் அழுத்தி வைத்தால் திருகி மேலும் கீழும் நகர்த்தலாம். முதல்முறை டியூன் செய்பவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

வளையம் சில அளவுகளில் வரும். சர்விங் சுற்றிய பிறகு நாண் எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற அளவு வேண்டும். பெரிய வளையத்தை மெல்லிய நாணில் போட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது. ஒவ்வொரு எய்தலிலும் அம்பின் நாக் (நாணில் மாட்டும் வால் பிளவு) அதைத் தட்டித் தட்டி மேலே தள்ளிவிடும். காலையில் நன்றாகப் பறந்த அம்பு சாயங்காலம் தாறுமாறாகப் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சிறிய வளையத்தைத் தடித்த நாணில் போட்டால் வாய் மூடாது. மூடாத முனைகள் இரண்டும் சர்விங் நூலை அறுக்கும். முழுவதும் அழுத்தியபின் இரு முனைகளும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தால் பிசிறு எதுவும் தட்டுப்படக் கூடாது.

குறடு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: மின்வேலைக் குறடு வேண்டாம். அது தட்டையாக அழுத்துவதால் வளையம் முட்டை வடிவமாகி, இரண்டு பக்கம் மட்டும் நாணைக் கடிக்கும். இதற்கென்று செய்த குறட்டின் தாடையில் வட்டத் துளை இருப்பதால் வளையம் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும். முதலில் அரை அழுத்தம். டியூனிங் முடிந்தபின் வளையத்தைச் சற்றுத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று இடத்தில் முழு அழுத்தம். கழற்றும்போது வெட்டும் குறட்டால் நறுக்கப் பார்க்காதீர்கள். கை ஒரு மி.மீ. தவறினால் நாண் இழை போய்விடும். இழை அறுந்த நாணில் எய்வது ஆபத்து. வாய்ப்பகுதியில் இரண்டு மெல்லிய திருப்புளிகளை வைத்து விரித்து எடுப்பதுதான் பாதுகாப்பு.

குறைகளுக்கு வருவோம். வளையம் உலோகம், நாணின் நடுவில் அதன் எடை உட்காருகிறது. நாணின் நடுவில் கூடும் எடைதான் அம்பின் வேகத்தை அதிகம் பாதிக்கும் எடை. ஒரு வளையத்தால் பெரிய இழப்பு இல்லை என்றாலும் இரண்டு போடும்போது கணக்கில் வரும். அதைவிடத் தொந்தரவு, விரல் டேபின் (நாண் உரசாமல் விரலைக் காக்கும் பட்டை) தோலையும் கையுறையின் நுனியையும் பித்தளை விளிம்பு அரிப்பது. மேல் விரல் வளையத்தோடு உரசும் பிடியில் எய்பவர்களின் டேபில் சீக்கிரமே பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் விழுந்த டேபில் நாண் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வழுக்கும்.

அதனால்தான் கடைசியில் நூல்கட்டு. பிசிஒய் நிறுவனத்தின் ஹாலோ, 62எக்ஸ்எஸ் போன்ற சர்விங் நூல் போதும்; மெழுகு பூசிய டென்டல் ஃப்ளாஸும் நன்றாக உழைக்கும். 40 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். நூலின் நடுப்பகுதியை நாணுக்குப் பின்னால் வைத்து, முன்னால் கொண்டுவந்து ஒற்றை முடிச்சு. இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய் இன்னொரு ஒற்றை முடிச்சு. முன்னால், பின்னால் என்று மாறி மாறி, ஒவ்வொரு முடிச்சும் முந்தியதன் மேல் நெருங்கி உட்காரும்படி, பக்கத்துக்கு ஐந்து ஆறு முடிச்சுகள். ஏறக்குறைய 4 மி.மீ. உயரத்துக்கு ஒரு குட்டிப் பீப்பாய் உருவாகும். கடைசியில் இரட்டை முடிச்சுப் போட்டு, 2 மி.மீ. விட்டு நறுக்குங்கள். முனையை லைட்டரால் கருக்குபவர்கள் சுடரை நாணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண்கள் பாலிஎத்திலீன் இழையால் ஆனவை, சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சந்தேகமாக இருந்தால் சுடரே வேண்டாம், நுனியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் போதும். அதையும் டியூனிங் முழுவதும் முடிந்தபின் வையுங்கள்.

நூல்கட்டின் அருமை அதை நகர்த்தும்போது தெரியும். சர்விங் நூல் நாணைச் சுருளாகச் சுற்றியிருப்பதால், கட்டைப் பிடித்துத் திருகினால் அது நட்டு போல்ட்டில் ஏறுவதுபோல் ஏறி இறங்கும். சர்விங் 0.021 அங்குல நூலால் ஆனது என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். மூன்று சுற்றுக்கு 1/16 அங்குலம். பித்தளை வளையத்தில் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது.

இனி அந்த உயரத்தைத் தேடும் முறை. செட்டோடு வரும் காகிதத்தில் பெரும்பாலும் “1/2 அங்குலம் மேலே பொருத்தவும்” என்ற ஒரு வரிதான் இருக்கும். அது யாருக்கும் முடிவான அளவு அல்ல.

முதலில் பிரேஸ் ஹைட்டை முடிவு செய்துவிடுங்கள். ரிகர்வ் என்றால் பொதுவாக 7.5 முதல் 8.5 அங்குலத்துக்குள், லாங்போ என்றால் 6 முதல் 7.5 அங்குலத்துக்குள் வரும். வில் செய்தவர் சொன்ன அளவு இருந்தால் அதுவே முதன்மை. நாணை முறுக்கினால் அது ஏறும், தளர்த்தினால் இறங்கும். டாக்ரான் நாண் புதிதாக இருக்கும்போது நீளும். ஆகவே சில நாட்கள் எய்து அது அடங்கியபின்தான் நாக்கிங் பாயிண்டில் கை வைக்க வேண்டும். ஷெல்ஃப் மேல் ஒட்டிய தோலோ ரோமத் துண்டோ அமுங்கிப் போயிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் அதன் தடிமன் மொத்த அளவையும் மாற்றிவிடும்.

அம்பின் நாக் நாணில் எப்படிப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். அம்பை நாணில் மாட்டி, வில்லைத் தரைக்கு இணையாகப் பிடித்து அம்பைத் தொங்கவிடுங்கள். சும்மா விட்டால் விழக் கூடாது. நாக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால், உயரத்தை எவ்வளவு திருத்தினாலும் அம்பு ஒழுங்காகப் பறக்காது. போஹ்னிங் கிளாசிக் போல மர அம்புக்கு ஒட்டும் நாக்குகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம், ஏனென்றால் நாண் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது மேல் வளையத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக வையுங்கள். அம்புக்கு மேல் ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று இழுப்பவர்கள் 5/8 அங்குலத்திலிருந்து தொடங்கலாம். மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைப்பவர்கள் 3/4 அங்குலத்திலிருந்து. பட்டறைப் பேச்சில், 1/8 அங்குலத்தை ஒரு நூல் என்று சொன்னால், ஐந்து நூல், ஆறு நூல். மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குத் திடமான காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

தேவையானவை: ஒரே எடை, ஒரே ஸ்பைன் கொண்ட இறகு வைத்த அம்புகள் மூன்று, அதே வகையில் இறகில்லாதவை இரண்டு. முதலில் 10 கெஜத்தில் நில்லுங்கள். ஐந்தையும் ஒரே குறியில் எய்யுங்கள். இலக்கு மென்மையாக இருப்பது நல்லது. இறகில்லாத மர அம்பு சாய்ந்து குத்தும்போது கெட்டியான பலகையில் எளிதாக ஒடிந்துவிடும். கார்பன் அம்பென்றால் ஒவ்வொரு முறையும் வளைத்துப் பார்த்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று சோதித்தபின்தான் மறுபடி எய்ய வேண்டும்.

இறகில்லாத அம்புகள் மற்றவற்றுக்குக் கீழே குத்தினால், வால் தூக்கிப் போகிறது என்று பொருள். நாக்கிங் பாயிண்ட் அதிக உயரம், 1/16 அங்குலம் இறக்குங்கள். மேலே குத்தினால் வால் தாழ்ந்து போகிறது, ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் இரண்டு மூன்று தடவை எய்து பார்த்த பிறகே அடுத்த மாற்றம். ஒரே ஒரு அம்பை நம்பி வளையத்தை நகர்த்தினால் நாள் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அம்பு இலக்கில் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைவிட எங்கே குத்தியது என்பதை நம்புங்கள். ஃபோம் இலக்கு பல நேரம் அம்பைத் திருப்பிவிடும்.

10 கெஜத்தில் ஒன்றுசேர்ந்தபின் 15க்கும் 20க்கும் பின்வாங்குங்கள். 20 கெஜத்தில் இறகில்லாதவை மற்றவற்றோடு ஒரே மட்டத்தில், அல்லது ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் கீழே குத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சற்றுக் கீழே இருப்பதுதான் நல்லது. அப்போது ஷெல்ஃபில் இடிக்காமல் அம்பு வெளியேற வாய்ப்பு அதிகம். இட-வல விலகலை இப்போது பொருட்படுத்த வேண்டாம். அது ஸ்பைன் சம்பந்தப்பட்டது, உயரம் அடங்கியபின் பார்க்க வேண்டியது. வலக்கையால் இழுப்பவருக்கு இறகில்லா அம்பு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் போனால் தளர்வு.

மேலிருந்து இறங்கச் சொன்ன காரணம் இதுதான். நாக்கிங் பாயிண்ட் தேவைக்கும் கீழே இருந்தால், விடுபட்ட நொடியில் அம்பின் வால் ஷெல்ஃபில் அடித்து மேலே எகிறும். அப்படி எகிறிய அம்பும் வால் தூக்கித்தான் போகும், கீழே குத்தும். பார்ப்பவர் “அதிக உயரம்” என்று நினைத்து இன்னும் இறக்குவார். இன்னும் பலமாக அடிக்கும். அம்பு வாலைத் தூக்கிக்கொண்டே போகிறது, எவ்வளவு இறக்கியும் மாறவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள். இறக்கியும் பலனில்லை என்றால் ஒரேயடியாக 1/4 அங்குலம் ஏற்றி மறுபடி எய்யுங்கள். வால் திடீரென அடங்கினால் சந்தேகமே வேண்டாம், அதுவரை பார்த்தது பொய்க் குறி.

அடிக்கிறதா என்று நேரடியாகவும் பார்க்கலாம். ஷெல்ஃபிலும் அம்பின் பின்பகுதியிலும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி ஒரு அம்பு எய்யுங்கள். ஷெல்ஃபின் பின் விளிம்பில் பவுடர் கலைந்து கோடு விழுந்திருந்தால் வால் அங்கே இடிக்கிறது. பழைய ஷெல்ஃப் தோலைப் பார்த்தாலும் தெரியும்: அம்பு உட்காரும் இடத்தில் தேய்மானம் இருப்பது இயல்பு, பின் விளிம்பில் மட்டும் தோல் வெளுத்து மழமழவென்று ஆகியிருந்தால் நீண்ட நாளாக இடிபடுகிறது. இறகின் தண்டு ஒரே பக்கம் தேய்ந்திருப்பதும் இதே அறிகுறி. அம்பு மிக விறைப்பாக இருந்தாலும் இப்படி இடிபடும். 1/4 அங்குலம் ஏற்றியும் கோடு மறையவில்லை என்றால் அம்பை மாற்றிப் பாருங்கள்.

பிடியும் கெடுக்கும். வில்லின் கைப்பிடியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு நாள் அழுத்தி, மறுநாள் மேல்பாகத்தால் பிடித்தால் இரண்டு நாளும் இரண்டு விடை வரும். அப்படிப்பட்ட நிலையில் டியூன் செய்வது வீண் வேலை.

பெரும்பாலான செட்டில் வளையங்கள் பல இருந்தும் காகிதம் ஒன்றை மட்டுமே பொருத்தச் சொல்கிறது. இது செட்டின் குறை என்றே சொல்வோம். அம்புக்குக் கீழேயும் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். இழுக்கும்போது விரல் அழுத்தத்தில் நாக் நாணோடு கீழ்நோக்கி வழுக்கும், மூன்று விரலும் கீழே வைப்பவர்களுக்கு விடும் நொடியில் இது அதிகம். 1 மி.மீ. வழுக்கினாலே டியூன் செய்த உயரம் போயிற்று. கீழ்த்தடுப்புக்கு நூல்கட்டே நல்லது, மேலே பித்தளை இருந்தாலும் சரி. விரலுக்கு அருகில் இருப்பதால் மெல்லியதாக, 3 மி.மீ. உயரம் போதும்.

ஆனால் நாக்கை இரண்டுக்கும் நடுவே இறுக்கிவிடாதீர்கள். முழுவதும் இழுத்த நிலையில் நாண் கூர்மையாக மடிவதால் இரண்டு கட்டுகளும் நாக்கை நெரிக்கும். நெரித்தால் அம்பு ஷெல்ஃபிலிருந்து தானே மேலே எழும்பும், அல்லது நாக் பிளக்கும். நாக்கின் தடிமனுக்கு மேல் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். 60 அங்குலத்துக்குக் குறைந்த வில்லில் மடிப்பு இன்னும் கூர்மை, அங்கே ஒன்றரை மி.மீ. விடலாம். மாட்டி, முழுவதும் இழுத்து, அருகில் ஒருவரை நிறுத்தி அம்பு எழும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அம்பில்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், வில்லின் கை (வளையும் பகுதி) பிளந்துவிடலாம்.

ஷெல்ஃபே இல்லாமல் கைமேல் அம்பு வைத்து எய்யும் வில்லுக்கு இந்த ஸ்கொயர் அப்படியே உதவாது. அம்பு உரசிப் போகும் இடத்தில் கைப்பிடி ஓரமாக ஒரு ஒட்டு டேப் துண்டை ஒட்டி, அதன் மேல்விளிம்பை ஷெல்ஃப் மட்டமாக வைத்துக்கொண்டு அளக்கலாம். கை அங்கேயே ஒவ்வொரு முறையும் வர வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

டியூனிங் முடிந்ததும் பிரேஸ் ஹைட், மேல்கட்டின் உயரம், கட்டுகளின் இடைவெளி, அம்பின் தடிமன் நான்கையும் வில்லின் கீழ்க்கையில் சிறு காகிதமாக ஒட்டி வையுங்கள். மாற்று நாணில் குறியிடும்போது பழைய நாணைப் பக்கத்தில் நீட்டி வைத்து அளவெடுக்கக் கூடாது. இரண்டு நாணின் முறுக்கும் ஒன்றாக இருக்காது. புது நாணை ஏற்றி, பிரேஸ் ஹைட்டை அதே அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்கொயரை மாட்டி, அங்கிருந்து அளந்து கட்டுங்கள்.